இடது கைப் பொத்தான்

சிங்கப்பூரிலிருந்து அருணாசலம் கொண்டுவந்த இளநீலத் துணி, மகன் பெண் பார்க்கப் போகும் நாளுக்கென்றே அந்துருண்டை வாசத்தோடு பெட்டிக்குள் கிடந்தது. "டெய்லர்கிட்ட குடுத்து முழுக்கையா தைக்கச் சொல்லு" என்றார். மனைவி வேலம்மாள் கொடுக்கவில்லை. தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிற கைக்கு இது பெரிதா என்று தானே விரித்துப்போட்டாள்.

போன வாரம் காய்ச்சலில் கிடந்த மகன் பூபாலனுக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடும்போதுதான் பார்த்தாள். இடது முழங்கைக்குக் கீழே ஜெசிந்தா என்று பச்சை குத்தியிருந்தது. கொளுத்தும் வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத காரணம் விளங்கியது. அப்பா முன்னால் அவன் வாய் திறக்கப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். யாரோ பெற்ற பெண் வந்து அந்தப் பேரைப் படிக்கவா?

முழங்கைக்கு மேலே சாக்கட்டியால் கோடு போட்டாள். ஒரே மூச்சில் வெட்டினாள். இனி யார் நினைத்தாலும் அதை நீட்ட முடியாது.

பெண் வீட்டுக்குக் கிளம்பும் காலையில் அருணாசலம் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடி இது, துணி பத்தலையா?"

"பத்துச்சு. நாந்தான் அரைக்கையா வெட்டினேன்."

"ஏன்?"

"அவன் போட்டதும் உங்களுக்கே தெரியும்."

பூபாலன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வேலம்மாள் அவன் அருகே போய், அவன் போட்டிருந்த சட்டையின் வலது கைப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். இடது கைப் பொத்தானை அவனிடமே விட்டுவிட்டு, புதுச் சட்டையை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.