தகட்டுக்கு அப்பால்

சூரியனைப் பார்த்தபடி ஒரு விண்கலம் மிதந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கேமராவும் அதற்கு முன்னால் ஒரு வட்டத் தகடும் இருந்தன. கேமராவின் கண் கூசாமல் இருக்கத் தகடு சூரியனை மறைக்கும். சுற்றிலும் வீசும் சூரியக் காற்றையும், அதில் வால் படபடக்க வரும் வால்மீன்களையும் கேமரா படம் பிடிக்கும்.

அன்று சின்ன வால்மீன் ஒன்று சூரியனை நோக்கி விரைந்து, தகட்டின் மறைவுக்குள் போனது. சூரியனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வெளியே வர வேண்டும்.

"வருதா?" என்றது கேமரா.

"வரும்," என்றது தகடு.

ஒவ்வொரு படம் எடுத்ததும் கேமரா அதையே கேட்டது.

"நீ கொஞ்சம் நகர்ந்தா நானே பாத்துக்குவேன்."

"நகர்ந்தா உன் கண்ணு அவிஞ்சு போயிடும். தொணதொணக்காம இரு."

தகட்டின் கண்ணெதிரேதான் அந்த வால்மீன் உடைந்து ஆவியாகிப் போயிருந்தது. அதைச் சொல்லத் தகட்டுக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு கேமரா கேட்கவில்லை. தகட்டுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஓரத்தில் இன்னொரு வால்மீன் தலைகாட்டியது.

"இதோ ஒண்ணு வருது," என்றது கேமரா மெல்ல. "இதுகிட்டயாவது சொல்லு, பக்கத்துல போகாதேன்னு."