மேலிருந்து எடுத்த படம்

தேவாலயத்தைக் கொளுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மெர்வினுக்கு ரத்தம் கொதித்தது. கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்திலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தான்.

கோதுமை வயல்களுக்கு நடுவே தனியாக நின்ற அந்த மரக் கோயிலைச் சுற்றி இன்னும் பனி கிடந்தது. வாசலில் காவலுக்கு ஒரு தீயணைப்பு வண்டி. ஓரெஸ்ட் கிழவர் வைக்கோல் கட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா ஸ்டெஃபானியா புனிதர்களின் படங்களைப் போர்வையில் சுற்றி, பிக்கப் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மெர்வின் அவர்களுக்குத் தெரியாதவன் அல்ல. பாழாகும் கிராமத்துக் கோயில்களைத் தேடித் தேடிப் படமெடுக்கிறவன். இந்தக் கோயில் குவிமாடத்தை அவன் எடுத்த படம் போன வருஷம் பரிசு வாங்கியது. காலண்டரில் அச்சாகி, அந்த வட்டாரத்து அடுப்படிகளிலெல்லாம் தொங்கியது. பீடத்தை மறைத்து நிற்கும் உயரமான தடுப்புக்கும் மேலே பறந்துபோய் எடுத்த மாதிரி, நீலக் கூரையின் பொன் நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். எப்படி எடுத்தாய் என்று யார் கேட்டாலும், அது தொழில் ரகசியம் என்று சிரித்து வைப்பான்.

இறங்கியதும் இறங்காததுமாகக் கத்த ஆரம்பித்தான்.

"உங்க தாத்தா மரம் வெட்டிக் கட்டின கோயில் பெரியவரே இது. கொளுத்த எப்படி மனசு வருது உங்களுக்கு?"

ஓரெஸ்ட் அடுத்த கட்டைத் தூக்கினார்.

மெர்வின் விடுவதாக இல்லை. இதைப் படம் பிடித்து ஊர் உலகத்துக்கே காட்டப்போவதாக மிரட்டினான். கடைசியில், உங்களைவிட எனக்குத்தான் இந்தக் கோயில்மேல் பாசம் என்றும் சொல்லிவிட்டான். நல்லவேளை, கிழவர் கையில் அப்போது வைக்கோல்தான் இருந்தது.

ஸ்டெஃபானியா பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். கூடவே கசகசா ரொட்டி ஒரு துண்டு.

"முதல்ல இதைச் சாப்பிடுங்க தம்பி. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க."

ஆயரிடம் உத்தரவு வாங்கியாகிவிட்டது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். ஜனம் இல்லாமல் போன கோயிலை அவர்கள் சபையில் விற்க மாட்டார்கள், மாட்டுக்கொட்டகையாகவும் விட மாட்டார்கள். மரியாதையாக நெருப்பிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பூசை நின்று வெகுகாலம் ஆகியும், நாங்கள் இருக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்றுதான் விட்டுவைத்திருந்தார்களாம். ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவள் வந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் போவாள்.

"அப்படியே விட்டிருக்கலாமே. இப்ப என்ன அவசரம்?" என்றான் மெர்வின்.

ஓரெஸ்ட் கட்டைக் கீழே போட்டார். பிக்கப் வண்டியிலிருந்து ஒரு மடித்த துணியை எடுத்து அவன் முன்னால் விரித்தார். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் சிவப்பும் கறுப்புமாகக் கைத்தையல். நடுவில் காய்ந்த சேற்றில் இரண்டு பூட்ஸ் தடம்.

"பீடத்து மேல விரிச்சிருந்த துணி. எங்கம்மா தச்சது. அந்தப் பீடத்தைச் சாமியாரைத் தவிர வேற யாரும் விரலால தொட்டதில்ல. நான் பிறந்ததிலேருந்து தொட்டதில்ல. தடுப்புக்குப் பின்னால நாங்க போறதே இல்ல, போன மாசம் சாமியார் வந்தப்பதான் இதைப் பார்த்தார். எவனோ பூட்ஸ் காலோட அது மேல ஏறி நின்னிருக்கான்."

மெர்வின் பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தடத்தையே பார்த்தான்.

"மறுபடியும் புனிதப்படுத்தலாம்னு சாமியார் சொன்னார்" என்றார் ஓரெஸ்ட். "நாளைக்கு இன்னொருத்தன் வந்து ஏறுவான். காவல் காக்க எங்களுக்குத் தெம்பு இருக்கா? நெருப்புல போனா யாரும் மிதிக்க முடியாதில்ல."

அந்தப் பரிசுப் படத்தை எடுத்த அன்றைக்கு மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏணி காரில் இல்லை. ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தது மெர்வினுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலுக்குக் கீழே இருந்தது என்ன என்று குனிந்து பார்த்த ஞாபகம்தான் இல்லை.

அதே பூட்ஸைத்தான் இன்றும் போட்டிருந்தான். காலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, பனிக்குள் புதைத்துக்கொண்டான். இத்தனை நேரம் போட்ட கூச்சல் அவன் காதிலேயே திரும்ப வந்து அறைந்தது. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"நீதான் இந்தப் பக்கம் அடிக்கடி வர்றவன்" என்றார் ஓரெஸ்ட். "எவனையாவது பாத்தியா? யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு."

வாயைத் திறந்தான் மெர்வின். சொல்லிவிடத்தான் நினைத்தான். ஆனால் மிச்சமிருந்த காபியைத்தான் குடித்து முடித்தான்.

"அவரை எதுக்குப் போட்டுக் குடையறே? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஸ்டெஃபானியா குறுக்கே வந்தாள். "போய் வைக்கோலைப் பாரு, போ."

கிழவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். ஸ்டெஃபானியா துணியை மடித்தாள், தடம் உள்பக்கம் போகிற மாதிரி.

"உங்க படம் எங்க அடுப்படியிலதான் தொங்குது தம்பி. தினமும் பார்க்கறேன். பார்த்துப் பார்த்து, எங்கேருந்து எடுத்தீங்கன்னும் புரிஞ்சுபோச்சு" என்றாள் மெதுவாக. "ஓரெஸ்டுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."



அவன் கையிலிருந்த காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, திறந்திருந்த வாசலைக் காட்டினாள்.

"உள்ளே வெளிச்சம் நல்லா இருக்கு. கொளுத்தறதுக்கு முன்னால கடைசியா ஒண்ணு எடுத்துக்குங்க. இந்தத் தடவை, தரையில நின்னு எடுங்க."