மணியை நிறுத்தச் சொன்ன கடிதம்

தேவாலயக் கதவில் ஒட்டியிருந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் ஹெஸ்டர் பிம் அம்மாள் தன் குடையால் அந்தக் கதவையே ஓர் அடி அடித்தார். அறுநூறு வருஷத்தில் எத்தனையோ படைகளைப் பார்த்த கதவு, அன்றுதான் ஆடிப்போனது.

கையெழுத்தில்லாத தட்டச்சுக் கடிதம். "நிம்மதி தேடி இந்த ஊருக்கு வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மணிகள் தூங்க விடுவதில்லை. ஐந்தில் மூன்றுதான் அடிக்கின்றன, அதிலும் இரண்டாவது மணி அரை நொடி பிந்துகிறது. எல்லாவற்றையும் நிறுத்துங்கள்."

இரண்டாவது மணியின் கயிற்றை இழுப்பவர் ஹெஸ்டர். "அரை நொடியாம். அந்தக் காதை இங்க கொண்டாரச் சொல்லுங்க, பக்கத்துல வச்சு அடிச்சுக் காட்டுறேன்" என்றார்.

மணிக்குழுத் தலைவர் ஆம்ப்ரோஸ் டக்வெல் அவர் கையிலிருந்த குடையை மெல்ல வாங்கிக்கொண்டார். பாவம், அவர் கவலை அவருக்கு. இங்கிலாந்தில் அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்பே கோபுரம் ஏறிய மணிகள் அவை. இழுக்க மிஞ்சியிருந்தது மூன்றே பேர். கோடை முடிவதற்குள் ஐந்து பேர் சேராவிட்டால், மணிகளை இறக்கி ஆளிருக்கும் வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதாக மறைமாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வருஷமாக அவர் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதுதான் மிச்சம். எல்லா வீட்டிலும் தேநீர் கொடுத்தார்கள், கூடவே முழங்கால் வலியைப் பற்றியும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஞாயிறு, எப்போதும் பிரசங்கத்தில் பத்து நிமிடம் தாண்டாத கார்த் போதகர் நாற்பது நிமிடம் பேசினார். கடிதம் எழுதியவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கூரையில் தொங்கிய வௌவால்களே காதைப் பொத்திக்கொண்டன.

ஊர் கொதித்தது. லண்டனிலிருந்து வந்து ஆலை வீட்டில் குடியேறிய பல் மருத்துவர் மேல்தான் எல்லார் கண்ணும். மனிதர் பதறிப்போய், பழியைத் துடைக்கச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து கயிற்றைப் பிடித்தார்.

அவர் பின்னால் கோபுரப் படி முழுக்க வரிசை. இருபத்தாறு பேர். தேவாலயப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். மதுக்கடை நடத்தும் டில்லி மட்டும் வரிசையில் நிற்க மறுத்தாள். "எங்கிட்ட பெரிய மணியக் குடுங்க. அந்த ஆளு ஊர விட்டே ஓடணும்."

ஆம்ப்ரோஸ் எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டார். மூக்கை இரண்டு முறை சிந்தினார். மணிகள் இனி எங்கும் போகப்போவதில்லை.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு போதகர் மேலே வந்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு, கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸின் அருகே குனிந்தார்.

"பாட்டுக் குழுவுலயும் நாலே பேருதான் ஆம்ப்ரோஸ். அதையும் திட்டி ஒரு கடிதம் எழுதிடுங்களேன்."