சுதாஜினியின் குறடு

பனி சறுக்கி விழாமல் மலையூர்த் தகரக் கூரைகளில் பூட்டுகிற தடுப்புகளைச் செய்து அனுப்பும், இத்தாலியின் அந்தப் பலெர்மோ நகரப் பட்டறையில், வதனிக்குப் பத்து வருட அனுபவம். நேற்று வந்த சுதாஜினியோ, எந்த அளவுத் தடுப்பையும் பூட்டுகிற மாதிரி, வாயை அகட்டவும் ஒடுக்கவும் கூடிய குறடு ஒன்றைச் செய்துவிட்டாள்.

“பிடிச்சுப் பாருங்கோ அக்கா.”

“ஓம், கெட்டிக்காரிதான். ஆனா இந்த நீளக் கைபிடி ஆம்பிளையளுக்குத்தான் சரிவரும்.”

சொல்லியும் வதனிக்கு எரிச்சல் அடங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, சுதாஜினி திருத்தி வரைந்த படத்தைக் களவாகப் போனில் பிடித்துக்கொண்டு, காப்புரிமை பதிகிறவரிடம் போனாள். தன் பெயரில் முந்திப் பதிந்துவிட வேண்டும்.

பெயரைச் சொன்னதுமே அவர் எழுந்து கைகொடுத்தார்.

“வாருங்கள் சிஞ்ஞோரா, நானே கடிதம் போட இருந்தேன். உங்கள் தோழி நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். கைபிடியின் குறையை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்களாமே! இருவர் பெயரிலும்தான் பதிய வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார்.”

பேனாவை வாங்கியபோது வதனியின் நெஞ்சு முன்னைவிட எரிந்தது.

நல்லவளாக இருப்பதிலும் அவள் முந்திவிட்டாள்.