பிசகிய சுரம்

"அந்த நாற்காலியில உக்காராதீங்க!"

கீபோர்டு ரிப்பேர் பார்க்க வந்த பாலகுரு திடுக்கிட்டு எழுந்தான். காலி நாற்காலிதான். அதன் முதுகில் ஒரு சட்டை தொங்கியது. எதிரே கீபோர்டு, பக்கத்தில் கம்ப்யூட்டர். எண்பத்தெட்டாம் வருஷத்தில் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் கம்ப்யூட்டர் இருப்பதே அதிசயம்.

"பிரான்சுலேர்ந்து அவரு சித்தப்பா கொண்டாந்து குடுத்தது," என்றாள் வசந்தா. தலை நிறைய மல்லி, கை நிறையக் கண்ணாடி வளையல். நெற்றியில்தான் பொட்டு இல்லை. அவசரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"எலி ஒயரக் கடிச்சிடுச்சு. ரெண்டு நாளா பாட்டு இல்ல. அத்தை ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கறாங்க. ஆறு மணிக்கு இது வாசிச்சாவணும்."

அடுத்த அறையில் கண் தெரியாத மாமியார் தில்லையம்மாள் பெரும்பாலும் கட்டிலிலேயே கிடந்தாள். அவளுக்கும் மகன் அரிகிருஷ்ணனுக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறதாம். தினமும் சாயங்காலம் அவன் வாசிப்பதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். இதையெல்லாம் வசந்தா கிசுகிசுவென்று சொன்னாள்.

"சாரு எங்க இப்ப?"

அவள் காபி டம்ளரைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள்.

"என்னாங்க, காபி வச்சிருக்கேன். ஆறிடப் போவுது," என்று காலி நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

பாலகுரு வேலையை முடித்து ஓடிவிட வேண்டும் என்று அவசரமாகக் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் இணைக்கும், எலி கடித்த மிடி கேபிளை மாற்றினான்.

"காதுல மாட்டிக் கேளுங்க. அத்தைக்கு ஆறு மணிக்குத்தான் கேக்கணும்," என்று ஹெட்போனை நீட்டினாள்.

மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினான். கட்டை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் யாரோ வாசித்தார்கள். அரிகிருஷ்ணனின் விரல் எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தியது, எப்போது விட்டது என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்து, கேபிள் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. பாலகுருவுக்கு அது தெரியும். தெரிந்தும் பயமாகத்தான் இருந்தது.

தாலாட்டு மெட்டு. நடுவில் ஓரிடத்தில் ஒரு சுரம் பிசகியது. கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன் பாலகுரு. காது சும்மா இருக்குமா? வசந்தா அந்தப் பக்கம் போன நேரம், திரையில் அந்த ஒரு சுரத்தை மட்டும் சரியான இடத்துக்கு நகர்த்தினான். கேட்காமலே செய்த உபகாரம்.

ஆறு மணி. வசந்தா கீபோர்டிலிருந்து ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினாள். தாலாட்டு வீட்டை நிறைத்தது. திருத்திய இடம் வந்து, கடந்தது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"வசந்தா! கேட்டியாடி? சின்ன வயசுல அந்த எடத்துல தப்பா வாசிச்சான்னு வெரல்லயே அடிச்சேன். அன்னிலேர்ந்து எம்மேல கோவம்னா அந்த எடத்த வேணும்னே தப்பாத்தான் வாசிப்பான். இன்னிக்கு சரியா வாசிச்சிட்டான். எம்புள்ளைக்குக் கோவம் தீந்துடுச்சுடி! தோ, நானே வர்றேன்டா கண்ணு!"

வசந்தா பாலகுருவின் பக்கம் திரும்பினாள். "என்னா பண்ணீங்க?"

"ஒரே ஒரு சுரத்த... திருத்துனேங்க. சாரு வந்ததும் சொல்லிக்கலாம்னு..."

பாட்டு முடிந்தது. சுவரைத் தடவும் சத்தத்தோடு தட்டுத்தடுமாறிய காலடிகள் நெருங்கின. வசந்தா வளையல்கள் குலுங்காமல் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெட்ராஸ்ல லாரியில அடிபட்டு அவரு போயி பத்து மாசம் ஆவுது, அத்தைக்குத் தெரியாம காரியமெல்லாம் அங்கியே முடிச்சிட்டு வந்தோம்," என்றாள் குரலே எழாமல். "இந்தப் பூவும் வளையலும்கூட அத்தைக்காகத்தான்."

வாசற்படி தாண்டி நீண்ட தில்லையம்மாளின் கை, நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பிடித்தது.