மேற்குப் பாதை விளக்கு

“மறுபடியும் பல்பை ஒடச்சுட்டானுங்க தலைவரே!”

விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வந்து நின்றான் பஞ்சாயத்துச் சிப்பந்தி அடைக்கலம். அவன் கையில் உடைந்த பல்பின் பித்தளை மூடி மட்டும் இருந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் பெரியண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். விளக்குப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது பல்பு.

ஊருக்கு மின்சாரம் வந்தபோது கிடைத்தது ஒரே ஒரு தெருவிளக்கு; தன் வீட்டு வாசலில்தான் கம்பம் நட வேண்டும் என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். பெரியண்ணன் யாருக்கும் மசியவில்லை. ஊருக்கு மேற்கே, கருவேலங்காட்டுப் பாதையில் கொண்டுபோய் விளக்கை நிறுத்தினார். அந்தப் பாதையின் இருட்டில்தான் ஊர்ப்பெண் கண்ணாத்தாளைப் பாம்பு கடித்திருந்தது. அவள் பிழைத்ததே பெரும்பாடு. ‘நம் பெண்களின் நலனுக்காக’ என்று விளக்கேற்றும் விழாவில் பேசியபோது, தன் பேச்சைக் கேட்டுத் தானே நெகிழ்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இது உடையப்பன் வேலைதான். எலெக்சன்ல தோத்த வயித்தெரிச்சல். இன்னிக்கே ஸ்டேஷன்ல சொல்லி உள்ள தள்ளுறேன் பாரு.”

“உடையப்பண்ணன் அப்படிச் செய்யிற ஆளாங்க?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி ராசாத்தி.

“ஒனக்கு அரசியல் தெரியாது. நீ அடுப்பைப் பாரு.”

அடைக்கலத்தை அனுப்பிக் கண்ணாத்தாளை வரவழைத்தார். கடிபட்ட காலை லேசாகச் சாய்த்தபடி வந்து நின்றாள். அடைக்கலம் வண்டி பூட்டப் போனான்.

“ஒன்னையப் பாம்பு கடிச்சதையும், அதுக்காக நான் வெளக்குப் போட்டதையும் ஸ்டேஷன்ல வந்து சொல்லு தாயி. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

“உடையப்பண்ணனைப் போலீசு அடிப்பாங்களாண்ணே?”

“பின்ன, மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?”

கண்ணாத்தாள் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“அப்ப வேணாண்ணே. அவரு ஒண்ணும் ஒடைக்கலை. மொத பல்பை ஒடச்சது நாந்தேன்.”

பெரியண்ணன் சட்டென்று எழுந்து நின்றார்.

“நீயா? ஒனக்காகத்தானே வச்சேன்!”

“எங்களைக் கேட்டா வச்சீங்க? ஆம்பளைங்க பட்டப்பகல்லயே வெளிக்குப் போயிட்டு வந்துருவீங்க. நாங்க பொழுது அடையுற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடந்து, அந்தக் காட்டுக்குத்தான் போறோம். நீங்க வெளிச்சம் போட்டதுல இருந்து ரோட்டுல போற பஸ்சு, வண்டி எல்லாத்துக்கும் நாங்க தெரியுறோம். ஆளு வரும்போதெல்லாம் பாதியில எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறோம்ணே. அதையே தண்ணி எடுக்குற கெணத்தடியில வச்சிருந்தா, ஒங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். அங்கிட்டுத்தான் படி தெரியாம வுழுந்து எந்திரிக்கிறோம்.”

பெரியண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தலைவர் அல்லவா? குரலை உயர்த்தினார்.

“அதுக்காகப் பஞ்சாயத்துச் சொத்துல கல்லெறியுறதா? எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? சரி, ஒன்னைய விட்டுர்றேன். மத்த ரெண்டையும் ஒடச்சது யாரு? அந்த ஆளுகளை நான் சும்மா விடமாட்டேன்!”

கண்ணாத்தாள் மறுபடியும் அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ராசாத்தி வெளியே வந்தாள்.

“இதையெல்லாம் ஆம்பளைகிட்ட எப்படிங்க வந்து சொல்றது? அதான் பொம்பளைங்க எல்லாம் முறை வச்சு ஒடைக்கிறோம்,” என்றாள். “நேத்து என் முறை.”