மாப்பிள்ளை அடித்த பெயின்ட்

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீயே சொல்லிடு, வெஸ்லி. என் வாயால என்னால சொல்ல முடியாது" என்றாள் ஜானெல்.

விரல்களில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ட்டைத் துணியால் துடைத்தபடி வெஸ்லி தலையாட்டினான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. செய்வதையும் செய்துவிட்டு, எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறானே!

கராஜின் நடுவில் அவள் அப்பா டெல்மாரின் 1963-ஆம் வருஷத்துத் தோட்ட டிராக்டர் பளபளவென்று நின்றது. இடுப்பு உயரம்தான் இருக்கும். புல் வெட்டுவதற்கும் பனி தள்ளுவதற்கும் செய்த வண்டி. விஸ்கான்சினின் அந்த மூலையில் இப்படிப்பட்ட பழைய வண்டிகளைக் கட்டி மேய்க்கும் குடும்பங்கள் ஐம்பதாவது இருக்கும். குளிர்காலம் முழுக்க அப்பா, பிள்ளை, மருமகள் என்று எல்லோரும் கழற்றி மாட்டுவார்கள். கோடையில் கண்காட்சிக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள்.

புதுப் பெயின்ட் அடித்த வண்டி எல்லோரிடமும் உண்டு. கம்பெனியில் அடித்த பெயின்ட்டோடு, கீறலும் மங்கலுமாக, யாருமே கை வைக்காமல் இருந்த வண்டி அந்தக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அது டெல்மாருடையது. அதற்கென்றே தனிப் பரிசு வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த நீல ரிப்பன் அவர் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. அசல் பெயின்ட் போனால் திரும்ப வராது என்பது சங்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாக அதே கராஜில் கிடக்கிற மாப்பிள்ளைக்குத் தெரியாதா?

டெல்மார் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது, அதை மட்டும் பார் என்று வெஸ்லியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஜானெலும் அப்பாவோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டாள். அஞ்சாம் நாள் திரும்பி வந்து பார்த்தால், வண்டியை இரும்பு தெரியச் சுரண்டி, புது மஞ்சள் அடித்து நிறுத்தியிருந்தான். டெல்மார் அதைப் பார்த்தார். மாப்பிள்ளையையும் ஒரு தடவை பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று ஜானெல் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுப் பார்த்துவிட்டாள். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அழகா இருக்கும்னு நினைச்சேன்."

மறுநாள் கண்காட்சி மைதானத்தில் மானம் கப்பலேறியது. அந்த வருஷம் சங்கத்துக்கு நாற்பதாவது ஆண்டு. டெல்மாரின் வண்டியைப் பரிசோதித்துப் பெரிய பட்டயம் கொடுப்பதற்காகவே மாநிலச் சங்கத்திலிருந்து ஒரு நடுவரை வரவழைத்திருந்தார்கள். பூதக்கண்ணாடியும் பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியுமாக வந்தவர், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கூட்டம் கூடிவிட்டது. சங்கத் தலைவர் மெர்லின் சும்மா இருக்கிற ஆளா?

"வெஸ்லி, பத்து வருஷம் பக்குவமான சீஸை சோப்புப் போட்டுக் கழுவி வெச்சிட்டியேப்பா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வெஸ்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். காது மடல் வரை சிவந்திருந்தது.

"தப்பு என்னோடதுதான். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. அறிவில்லாமப் பண்ணிட்டேன்" என்றான்.

சிரிப்பு நின்றுபோனது. அதன் பிறகு எழுந்த முணுமுணுப்பைத்தான் ஜானெலால் தாங்க முடியவில்லை. பாவம் டெல்மார், இந்த வயசில் இப்படியொரு மாப்பிள்ளை என்று அவள் காதுபடவே பேசினார்கள். பூமி பிளந்து தன்னை அப்படியே விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற புருஷனிடம், தள்ளிப் போய் நில் என்றாள். அவன் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய்விட்டான்.

டெல்மார் கூடாரத்தின் ஓரத்தில், மடக்கு நாற்காலியில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். மகள் வாங்கி வந்த செர்ரிப் பழப் பலகாரம் காகிதத் தட்டில் அப்படியே கிடந்தது. ஜானெல் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவனை நல்லாத் திட்டிடுங்க. நீங்க இப்படி வாயைத் திறக்காம இருக்கறதுதான் எனக்கு உயிர் போகுது."

டெல்மார் சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல, ஜானெல். நீங்க எல்லாரும் அசல்னு சொன்ன அந்தப் பழைய மஞ்சள், நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம் நான் என் கையால அடிச்சது. டேங்க்கைக் கழட்டினப்ப அடியில கம்பெனி பெயின்ட் இருக்கறதை உன் புருஷன் பார்த்துட்டான். அந்த நடுவர் கருவியை வெச்சு ரெண்டு பூச்சு இருக்கறதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள, என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம, ரெண்டையும் சேர்த்துச் சுரண்டிட்டான்."